ஐந்தாம் வரிசையின் இருபது வயதுக்காரர்கள்

ஜனாதிபதியின் செல்வாக்கு நூற்றுக்கு இருபத்திரண்டாகச் சரிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்ன அன்று காலையில் தோ மல்சூன் தன் நூடுல்ஸ் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கைபேசி அடித்தது. கையைத் துடைத்துவிட்டு எடுத்தாள். இயந்திரக் குரல், கருத்துக்கணிப்பு. இனி அழைத்தால் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுவது என்று அவள் முடிவு பண்ணி ஒரு மாதம் ஆகிறது. பெண் என்றால் இரண்டை அழுத்தச் சொன்னது, அழுத்தினாள். தேகு நகரம் என்றால் நான்கு, அழுத்தினாள். அறுபது வயதும் அதற்கு மேலும் என்றால் ஐந்து, அழுத்தினாள். உங்கள் வயதுப் பிரிவில் தேவையான பேர் ஏற்கெனவே சேர்ந்துவிட்டார்கள், நன்றி என்று சொல்லிவிட்டு அது வைத்துவிட்டது.

“மறுபடியும் இடம் இல்லன்னுட்டானா?” என்று பக்கத்துக் கடையிலிருந்து கேட்டார் பியோ சாங்தே. கருவாட்டுக் கடைக்காரர், எழுபத்தொரு வயது. கை நெத்திலியைத் தரம் பிரித்துக்கொண்டிருக்கும். காது அடுத்தவர் பேச்சில் இருக்கும்.

“நன்றின்னு சொல்லிட்டு வச்சிட்டான்.”

“இருபது வயசுன்னு அமுக்கியிருந்தா உள்ள விட்டிருப்பான். உனக்கா நான் சொல்லித் தரணும்? நீதான எங்களுக்கெல்லாம் வாத்தியாரு.”

மல்சூன் கோபத்தை மாவிடம் காட்டினாள். மாவு திருப்பிப் பேசாது.

சாங்தே சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சல்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பனிக்காலத்தில் போம்சான் சந்தையின் மூன்றாம் கட்டடம் எரிந்து தரைமட்டமாயிற்று. இருநூறு கடைகள். மாநகராட்சி, வண்டி நிறுத்துகிற மைதானத்தில் இரும்புக் கன்டெய்னர்களை ஐந்து வரிசையாக இறக்கி, இரண்டே வருஷம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றது. கோடையில் அதற்குள் நின்றால் ஆள் வெந்துவிடலாம். குளிர்காலத்தில் கிம்ச்சி ஊறுகாய் ஜாடி உறைந்து வெடித்துவிடும். ஐந்தாவது வரிசையில் பன்னிரண்டு கடைகள். அந்த வரிசைக்குத் தலைவி மல்சூன். பெரிய பதவி ஒன்றும் இல்லை. மின்சாரக் கட்டணத்தைப் பிரித்துச் சொல்வது, குப்பை வண்டிக்காரனைத் திட்டுவது, சங்கத் தலைவரிடம் போய்ச் சண்டை போடுவது, அவ்வளவுதான். ஆனால் புருஷன் போய், மகள் வெளிநாட்டில் இருந்து வருஷத்துக்கு ஒரு தடவை முகம் காட்டுகிற ஒருத்திக்கு, மல்சூன் சொன்னா சரியா இருக்கும் என்று பதினோரு கடைக்காரர்கள் சொல்வதுதான் வீடு, வாசல் எல்லாம். அந்தப் பேச்சு தன் காதில் விழுந்துகொண்டிருக்கும் வரைக்கும் அறுபத்துநான்கு வயதிலும் தான் யாரோ ஒருத்தி இல்லை என்று அவள் நினைத்திருந்தாள்.

அந்த வார்த்தையைத்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆளுக்காகப் பணயம் வைத்தாள். தேர்தலுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது அவர் வந்தார். இந்த நாட்டில் ஜனாதிபதி ஆக ஆசைப்படுகிறவன் சந்தைக்கு வந்து, மூக்கொழுகச் சூடாக ஒரு கிண்ணம் சாப்பிட்டுக் காட்டவேண்டும் என்பது எழுதாத சட்டம். மல்சூன் கடைப் பலகையில் உட்கார்ந்து, கத்தியால் வெட்டிப் போட்ட அவள் கல்குக்சு நூடுல்ஸை ஒரு இழை விடாமல் தின்று, நெத்திலிச் சாற்றைக் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தார். மாவு ஒட்டிய அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “அம்மா, மூணு வருஷத்துல இங்க கட்டடம் எழும்பலன்னா என்னை இந்தச் சந்தைக்குள்ள விடாதீங்க” என்றார்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் அவள் சிரித்துவிட்டு அடுத்த கிண்ணத்தை நிரப்பியிருப்பாள். சாற்றைக் கடைசிச் சொட்டு வரை குடிக்கிறவன் ஏமாற்றமாட்டான் என்பது அவள் தொழிலில் கண்ட நம்பிக்கை. அன்றைக்கே வரிசையில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினாள். மெத்தைக் கடை யோன்சில் அக்கா எதிர்க்கட்சிக்குப் போடுவதாக இருந்தவள். அவளோடு இரண்டு நாள் பேசாமல் இருந்து வழிக்குக் கொண்டுவந்தாள். இருபது வருஷமாக ஓட்டே போடாத சாங்தேயைக் கையைப் பிடித்து வாக்குச்சாவடி வாசலில் கொண்டுபோய் விட்டாள். “அந்த ஆளுக்கு நான் பொறுப்பு” என்று எல்லோரிடமும் சொன்னாள். அந்தப் பன்னிரண்டு ஓட்டும் ஒன்று குறையாமல் விழுந்தது.

பிறகு வருஷம் ஒன்று போயிற்று. மூன்றாம் கட்டடத்தின் இடத்தைச் சுற்றித் தகரம் அடித்து, விரைவில் பணி ஆரம்பம் என்று பதாகை கட்டினார்கள். பதாகை வெளுத்தது. வெளுத்ததை எடுத்துவிட்டுப் புதிது கட்டினார்கள். ஜனாதிபதியின் செல்வாக்கும் அதற்குள் வெளுக்க ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் குக் ஹோசிக் வந்தார். வியாபாரிகள் சங்கத் தலைவர். கட்சிக்காரர்களுக்குச் சந்தையில் கண்ணும் காதும் அவர்தான்.

“அக்கா, ஒரு சின்ன உதவி” என்றார். “கணிப்புல பெரியவங்களுக்குன்னு வச்ச இடம் முதல் அரைமணி நேரத்துலயே நெறைஞ்சு போவுது. இளசுங்க எவனும் போனை எடுக்கறதில்ல. அவனுங்க இடம் காலியாவே கெடக்கு. அதனால போன் வந்தா இருபது வயசுன்னு அமுக்குங்க. அப்புறம் ‘மிக நல்லாச் செய்யறாரு’ன்னு ஒண்ணை அமுக்குங்க.”

“அது பொய்யில்ல?”

“வயசைக் கொறச்சுச் சொல்லாத பொம்பள எந்த ஊர்ல இருக்கா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். குக் சிரிப்பு அடங்கின பிறகு காரியத்தைச் சொன்னார். “அவரு கை ஓங்கி இருந்தாத்தான் தைரியமா நம்ம கட்டடத்துக்குப் பணம் ஒதுக்குவாரு. செல்வாக்கு போன ஜனாதிபதி சொன்னா ஆபீஸ்ல காபிகூட வராது.”

மல்சூனுக்கு அது நியாயமாகப் பட்டது. எந்த எண்ணுக்குப் பிறகு எந்த எண் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் கொட்டை எழுத்தில் எழுதி, வரிசை முழுவதும் ஒட்டினாள். யோன்சில் அக்காவுக்குக் கண்ணில் புரை; முதல் வாரம் முழுக்க ஆண் என்றே அழுத்திக்கொண்டிருந்தாள். சாங்தேக்கு ஒருநாள் இயந்திரத்துக்குப் பதிலாக ஒரு பெண்ணே பேசிவிட்டாள். இரும்பு தேய்கிற குரலில் அவர் தனக்கு இருபத்தாறு என்றார். அந்தப் பெண் கொஞ்சம் தயங்கி, படிக்கிறீங்களா, வேலை பார்க்கிறீங்களா என்று கேட்டாள். “படிக்கிறேன்” என்றார் சாங்தே. அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தார்கள். மல்சூன் சொல்லிக்கொடுப்பதில் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்ததால் குக் அவளை மற்ற வரிசைகளுக்கும் முதலாம், இரண்டாம் கட்டடங்களுக்கும் அழைத்துப் போனார். முந்நூறு பேருக்கு மேல் அவளிடம் படித்து இளைஞர்கள் ஆனார்கள்.

இந்த இலையுதிர்காலத்தில் பட்ஜெட் வந்தது. மூன்றாவது தடவையாக அதில் கட்டடம் இல்லை. டிசம்பர் முப்பத்தொன்றோடு கன்டெய்னர் அனுமதி முடிகிறது, இனி நீட்டிக்க முடியாது என்று மாநகராட்சிக் கடிதமும் பின்னாலேயே வந்தது. அன்றைக்குத்தான் மல்சூன் அந்த ஆளுக்கு ‘மிக மோசம்’ போடுவது என்று முடிவு செய்தாள். சாங்தே அதற்கும் வழி சொன்னார்: இருபது என்று அழுத்து, பிறகு திட்டு. அவளுக்கு மனம் வரவில்லை. பொய் சொல்லி வாழ்த்தியாயிற்று. திட்டுவதையாவது சொந்த வயதில் செய்யவேண்டும் என்று பிடிவாதமாக ஐந்தை அழுத்தினாள். ஒவ்வொரு தடவையும் இடம் இல்லை என்று வந்தது.

“நீ பொறுப்புன்னு சொன்னியே, மல்சூன்” என்று யோன்சில் அக்கா ஒருநாள் மெத்தை உறையை மடித்துக்கொண்டே கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. “ஜனவரியில நான் இந்த மெத்தையை எல்லாம் எங்க கொண்டு போய் வைக்கிறது?”

சாங்தேக்கு அந்த நாசூக்கு கிடையாது. “டிசம்பர் கூட்டத்துல புதுத் தலைவரைப் போடுவோம். கண்ணு தெரியிற ஆளாப் பாத்துப் போடுவோம்” என்றார்.

நவம்பர் இரண்டாம் வாரம் குக் மூச்சு வாங்க ஓடிவந்தார். வியாழக்கிழமை ஜனாதிபதி வருகிறார். மற்ற ஊர்களில் முட்டை எறிகிறார்கள். இங்கே வந்தால் கை தட்டுவார்கள் என்று அவருக்குத் தெரியும். செல்வாக்கு விழும்போது ஜனாதிபதிகள் இந்தப் பக்கத்துச் சந்தைகளுக்கு ஓடி வருவது புதிது அல்ல. வாலைச் சுருட்டிக்கொண்டு வந்து, நாலு பேர் தட்டிக்கொடுத்ததும் நிமிர்ந்து போவார்கள்.

“அதே கடையில சாப்பிடணும்னு ஆபீஸ்லேருந்து சொல்லியிருக்காங்க, அக்கா” என்றார் குக்.

“வரட்டும்” என்றாள் மல்சூன். “தேதி கேக்கறேன். வாயால இல்ல, எழுதி வாங்கறேன்.”

வரிசை முழுவதும் அவளைச் சுற்றி வந்து நின்றது. யோன்சில் அக்கா அவள் தோளில் கை வைத்தாள். “ஒரு தேதி மட்டும் வாங்கிக் குடு மல்சூன். அடுத்த வருஷமோ அதுக்கடுத்த வருஷமோ, எதுவா இருந்தாலும் சரி. தேதின்னு ஒண்ணு இருந்தா அனுமதியை நீட்டச் சொல்லிக் கேக்கலாம்.” சாங்தேகூடத் தலையை ஆட்டினார். வெகுநாளைக்குப் பிறகு அன்று மத்தியானம் வரிசையில் பாதிப் பேர் அவள் கடையில்தான் சாப்பிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை ஜனாதிபதி அலுவலகத்திலிருந்து ஒரு ஆள் வந்தான். மா கியுதே என்று பெயர். முப்பத்தைந்து வயது இருக்கும். தூக்கம் இல்லாத கண். பலகையின் உயரத்தை அளந்தான். காஸ் குழாயைப் பார்த்தான். கேமரா எங்கே நிற்கும், எந்த முக்காலியில் யார் உட்காருவது என்று குறித்துக்கொண்டான். முதல் கிண்ணத்தைச் சோதனைக்கு என்று சாப்பிட்டான். இரண்டாவது கிண்ணத்தைப் பசிக்கு. வயிறு நிறைந்ததும் மனிதன் கொஞ்சம் தளர்ந்தான். மல்சூன் பச்சை மிளகாய்த் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்.

“தம்பி, நீங்க மேல இருக்கிறவங்க. எங்க கட்டடம் மட்டும் ஏன் தள்ளித் தள்ளிப் போவுது?”

“உண்மையச் சொல்லவா அம்மா?”

“சொல்லுங்க. இந்த வயசுல பொய்யக் கேட்டு என்ன பண்ணப் போறேன்?”

அவன் கோப்பைத் திறந்து ஒரு அட்டவணையைக் காட்டினான். “இப்ப வந்த பட்ஜெட்டுல எரிஞ்ச சந்தை ரெண்டு மிச்சம் இருந்துச்சு. உங்களது ஒண்ணு, மேக்குக் கரைத் துறைமுகத்துல ஒண்ணு. பணம் ஒண்ணுக்குத்தான் இருந்துச்சு. அங்க எங்களுக்கு மாசா மாசம் எறங்கிட்டே போச்சு. உங்க ஊரைப் பாருங்க. பெரியவங்களை விடுங்க, இருபது வயசுக்காரங்களே நூத்துக்கு அம்பத்தஞ்சு. நாடு பூராவும் அந்த வயசுல நூத்துக்குப் பன்னெண்டு பேர்கூட எங்களை ஏத்துக்கல. இங்க மட்டும் கான்கிரீட் மாதிரி நிக்கறாங்க.” மிளகாயைக் கடித்து உறைப்பில் மூச்சை இழுத்துக்கொண்டான். “அதனால பணத்தை அங்க அனுப்பிட்டோம். நீங்கதான் எங்களை விட்டு எங்கயும் போக மாட்டீங்களே.”

பாராட்டாகத்தான் சொன்னான். மல்சூன் கரண்டியைச் சாற்றுப் பானையிலேயே விட்டுவிட்டாள்.

“அந்த இருபது வயசுக்காரங்களை யாராச்சும் நேர்ல வந்து பாத்தீங்களா?”

“எண்ணை எப்படிம்மா நேர்ல பாக்கறது?” என்று சிரித்தான் அவன். வாயைத் துடைத்துக்கொண்டு, சாறு அபாரம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்றும் மறுநாளும் அவள் கை வேலை செய்தது. மனம் ஒரே இடத்தில் நின்றது. காலண்டர் தாளின் பின்பக்கம் தன் கையால் எழுதிய எண்கள். முந்நூறு கிழடுகளை இளைஞர்களாக்கி, எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று இரண்டு வருஷம் வாராவாரம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதைப் படித்துவிட்டுத்தான் கட்டடத்தைத் தூக்கி வேறு ஊருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஆள் ஏமாற்றினான் என்று இத்தனை நாள் வயிறெரிந்தாளே, அந்த எரிச்சலில் கொஞ்சம் இனித் தன் பக்கமும் திரும்பவேண்டும் என்பதுதான் அவளால் பொறுக்கமுடியாமல் இருந்தது.

சொல்லாமல் விட்டுவிடலாம். தேதி மட்டும் கேட்கலாம். அவர் ஆகட்டும் அம்மா என்பார், ஊருக்குப் போய் அட்டவணையைப் பார்ப்பார், கான்கிரீட் நிற்கும், தேதி வராது. உண்மையைச் சொன்னால் அவர் பயப்படலாம். பயந்த அரசியல்வாதிதான் பணம் கொடுப்பான் என்பதை மேற்குக் கரைத் துறைமுகம் நிரூபித்துவிட்டது. ஆனால் அவரிடம் சொல்வது என்றால் பதினோரு பேருக்கு முன்னால் சொல்லவேண்டும். புதன்கிழமை சாயங்காலம் கடையை மூடும்போது யோன்சில் அக்காவிடம் மட்டுமாவது முதலில் சொல்லிவிடலாம் என்று போனாள். “நாளைக்கு நல்ல சட்டையாப் போட்டுக்கோ, மல்சூன். எங்க எல்லாருக்காகவும் நீதான் பேசப் போற” என்று யோன்சில் அக்கா சொன்னாள். மல்சூன் திரும்பி வந்துவிட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஜனாதிபதி வந்தார். முன்னால் பாதுகாப்பு, பக்கவாட்டில் கேமரா, பின்னால் கையைத் தட்டிக்கொண்டே குக். மூன்று வருஷத்தில் மனிதர் பத்து வருஷம் கிழடு தட்டியிருந்தார். கழுத்து மடிப்பில் பவுடர் திட்டுத் திட்டாக நின்றது. மல்சூனுக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. மா கியுதே காதில் ஏதோ சொன்னான். “மல்சூன் அம்மா” என்றார் ஜனாதிபதி. “இந்தச் சாறை நான் மறக்கவே இல்ல.”

கிண்ணத்தை வைத்தாள். அவர் சாப்ஸ்டிக்கை எடுத்தார். பதினோரு பேரும் தகரச் சுவரை ஒட்டி வரிசையாக நின்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஐயா, ஒண்ணு சொல்லணும்” என்றாள். “எங்க ஊருல இருபது வயசுப் பசங்க உங்களை ஏத்துக்கறாங்கன்னு உங்க ஆபீஸ் காகிதத்துல இருக்கு. அது பசங்க இல்ல. இதோ நிக்கறாரே, கருவாட்டுக் கடை, எழுபத்தொண்ணு. அந்த அக்காவுக்கு அறுபத்தொம்பது. எங்க வயசுன்னு சொன்னா எடுத்துக்க மாட்டேங்கறாங்கன்னு இருபதுன்னு அமுக்கினோம். அமுக்கச் சொல்லி முந்நூறு பேருக்குச் சொல்லிக் குடுத்தது நான்தான். உங்க கை ஓங்கினா கட்டடம் வரும்னு நெனச்சேன். இங்க எல்லாம் நல்லா இருக்குன்னு நீங்க பணத்தை வேற ஊருக்கு அனுப்பிட்டீங்க. நாங்க நல்லா இல்ல. ஜனவரி ஒண்ணாந்தேதி எங்களுக்கு இந்த எடமும் இல்ல. உங்க மேல எனக்குக் கோவம்தான். அந்தக் கோவத்தைச் சொல்லவும் எங்கயும் எடம் கெடைக்கல, அதான் இங்கயே சொல்றேன். கட்டடத்துக்கு ஒரு தேதி சொல்லுங்க.”

குக்கின் கை தட்டுகிற பாதியில் நின்றுவிட்டது. மா கியுதே கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். சாங்தே மல்சூனைப் பார்த்தார். பிறகு யோன்சில் அக்காவைப் பார்த்தார். கூட்டல் கழித்தல் அவர்கள் முகத்தில் மெதுவாக நடந்தது.

ஜனாதிபதி சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தார். முட்டாள் இல்லை அவர். முட்டாளாக இருந்தால் அந்த நாற்காலி வரைக்கும் வந்திருக்க முடியாது. எழுந்து, மல்சூனைத் தாண்டி, அந்தப் பதினோரு பேர் பக்கம் திரும்பினார்.

“இது எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்” என்றார். குரல் கரகரத்தது. “போம்சான் சந்தைக்கு ஒரு கொறையும் இல்லன்னு ரெண்டு வருஷமா நீங்கதான் எனக்குச் சொல்லிட்டு இருந்தீங்க. நான் உங்களை நம்பினேன். யாரை நம்பாட்டியும் உங்களை நம்பினேன். ‘கஷ்டமா இருக்கு’ன்னு ஒரே ஒருத்தர் சொல்லியிருந்தா நான் சும்மா விட்டிருப்பேனா?” கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். கேமராக்கள் ஓரடி முன்னால் நகர்ந்தன. யோன்சில் அக்காவின் கண்ணும் கலங்கிவிட்டது. அவர் போய் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டார். குக்குக்கு உயிர் வந்தது; மறுபடியும் கை தட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள்.

“தேதி, ஐயா” என்றாள் மல்சூன்.

அவருக்கும் அவளுக்கும் நடுவில் அதற்குள் நான்கு பாதுகாப்புக்காரர்கள் நின்றார்கள். முழுசாகப் பதினோரு நிமிஷம்கூட ஆகவில்லை. பரிவாரம் நாலாம் வரிசையைக் கடந்து போய்விட்டது. கிண்ணத்தில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

சாயங்காலச் செய்தியில் ஜனாதிபதி அழுததைக் காட்டினார்கள். எதற்காக அழுதார் என்று காட்டவில்லை. அடுத்த வாரம் செல்வாக்கு இருபத்தைந்து ஆயிற்று.

வரிசைக்கு வந்த ஞானோதயத்தைத்தான் மல்சூனால் ஜீரணிக்க முடியவில்லை. இரண்டு வருஷமாக அந்த ஆளைக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை சபித்த வாய்கள் அவருக்காக உச்சுக் கொட்ட ஆரம்பித்தன.

“பாவம், மனுஷனுக்குத் தெரியவே இல்ல” என்றாள் யோன்சில் அக்கா.

“எப்படித் தெரியும்? நாமதான் நல்லா இருக்கோம்னு அமுக்கிட்டு இருந்தமே” என்றார் சாங்தே.

“நாமளா அமுக்கினோம்? அமுக்க வச்சாங்க” என்று இன்னொரு குரல் சேர்ந்தது.

மல்சூன் குக்கைத் தேடிப் போனாள். “இதை என்கிட்ட சொன்னது நீங்கதான, தலைவரே? அதையாச்சும் வந்து சொல்லுங்க.”

குக் சுற்றுமுற்றும் பார்த்தார். “நான் வேடிக்கைக்கு ஒரு வார்த்தை சொன்னேன், அக்கா. நீங்க ஊரெல்லாம் போய் வகுப்பு எடுத்தா நான் என்ன பண்றது? அதுவும் கேமரா முன்னால சொன்னா யாருக்குப் பிரயோசனம்? தேர்தல் கமிஷன்காரன் காதுல விழுந்தா முந்நூறு பேரும் அபராதம் கட்டணும். அதையும் நான் வரிசையில சொல்ல வேண்டியதாப் போச்சு.”

அபராதம் என்ற வார்த்தை ஒரு மணி நேரத்தில் ஐந்து வரிசையும் சுற்றிவிட்டது. மறுநாளிலிருந்து மத்தியானத்தில் அவள் பலகையில் வெளியாட்கள் மட்டும் உட்கார்ந்தார்கள். ஐந்தாம் வரிசைக்காரர்கள் வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்து கடைக்குள் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாங்தே நெத்திலியை அவளுக்குக் கொடுத்தார், விலை சொன்னார், வேறு எதுவும் சொல்லவில்லை. அவர் கிண்டல் பண்ணினால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் வேண்டாம் என்று சொன்ன மனிதர் காரில் ஏறிப் போய் அடுத்த ஊரில் கை அசைக்கிறார். பதினோரு பேருக்கு வேண்டாதவளாகப் போன தனக்கு ஒதுங்கி நிற்கக்கூட இடம் இல்லையே என்று வெங்காயத்தாள் நறுக்கும்போது நினைத்துக்கொண்டாள். அழுகை வந்தது, வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டாள்.

தாங்கமுடியாமல் ஒருநாள் யோன்சில் அக்கா கடை வாசலில் போய் நின்றாள். “நான் சொல்லாம இருந்திருக்கணுமா, அக்கா?”

யோன்சில் அக்கா கொஞ்ச நேரம் மெத்தையைத் தட்டிக்கொண்டிருந்தாள். “அவரு பொய் சொன்னாரு, சரி. அவனுங்க பொழப்பு அது” என்றாள். “எனக்கு அந்த ஆளு யாரு, மல்சூன்? நான் உன்னைப் பாத்துத்தான் ஓட்டுப் போட்டேன். உன்னைப் பாத்துத்தான் அமுக்கினேன்.”

அக்கா சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை என்று தெரிந்ததால் மல்சூனுக்கு வலி இன்னும் மோசமாக இருந்தது.

டிசம்பர் பதினெட்டாம் தேதி மூன்று மணிக்கு வரிசைக் கூட்டம் யோன்சில் அக்காவின் கடையில் நடந்தது. மெத்தைகளை ஒருபுறம் அடுக்கிவிட்டுப் பன்னிரண்டு பேரும் முட்டி முட்டி உட்கார்ந்தார்கள். நடுவில் மண்ணெண்ணெய் அடுப்பு. குக் நோட்டுப் புத்தகத்தோடு வந்து முதலில் மாநகராட்சிக் கடிதத்தைப் படித்தார். பனிக்காலத்தை உத்தேசித்துப் பிப்ரவரி கடைசி வரை கன்டெய்னர்களை விட்டுவைப்பார்கள், மார்ச்சில் எடுத்துவிடுவார்கள். கட்டடத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மேலிடத்தில் கேட்டீர்களா என்று ஒருத்தர் கேட்டதற்கு, ஜனாதிபதி இங்கே வந்துபோனதை மறக்கவே மாட்டார் என்று குக் சொன்னார். பலர் தலையை ஆட்டினார்கள்.

“அடுத்தது வரிசைத் தலைவர்” என்று பக்கத்தைத் திருப்பினார். “மல்சூன் அக்காவே இருக்கலாம்னு நெனைக்கிறவங்க கை தூக்குங்க.”

ஒரு கைகூட எழவில்லை. ஒருவரும் மல்சூன் பக்கம் பார்க்கவில்லை. அவள் எல்லோரையும் பார்த்தாள். இந்தக் கைகள் ஒவ்வொன்றுக்கும் எத்தனை வருஷம் சூடாகக் கிண்ணம் கொடுத்திருக்கிறாள் என்று நினைப்பு ஓடியது. அதைச் சொல்லிக்காட்டுகிற அளவுக்குத் தாழவில்லை என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“சரி. வேற ஆளைப் போடலாம்னு சொல்றவங்க?”

முதலில் சாங்தே தூக்கினார். பிறகு பித்தான் கடை, செருப்புக் கடை, அதற்குப் பிறகு மளமளவென்று. கடைசியில் யோன்சில் அக்கா, மடியில் இருந்த மெத்தை உறையைப் பார்த்தபடியே கையைத் தூக்கினாள்.

குக் பென்சில் நுனியால் எண்ணினார். “பதினொண்ணு” என்று எழுதப் போனார்.

மல்சூன் கையைத் தூக்கினாள். மடக்காமல், காதை ஒட்டி நேராகத் தூக்கினாள்.

“நீங்க எதுக்குக்கா?” என்றார் குக்.

“எண்ணுங்க, தலைவரே. நானும் இந்த வரிசைதான்.”

சாங்தே கையைக் கீழே போடலாமா என்று ஒரு முறை அசைத்துப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துக்கொண்டார். குக் பதினொன்றை அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதினார்.